நிராகரிப்புக்கான காரணம்

தென்கரை மாநிலக் காவல்துறை புதிய கைத்துப்பாக்கி வாங்கலாமா என்று யோசிக்கத் தொடங்கியபோதே எந்தத் துப்பாக்கி என்பது முடிவாகிவிட்டது. தாலி கட்டி முடிந்த பிறகு பெண் பார்க்கப் போவதுபோல, அதற்கப்புறம்தான் தேர்வுக்குழு அமைத்தார்கள். இது நடந்தது 2046-இல். இருபது வருஷத்தில் துப்பாக்கிக்குக் கண் வந்துவிட்டது, காது வந்துவிட்டது. தேர்வுக்குழுவுக்குத்தான் எதுவும் வரவில்லை.

ஐந்து பேர் குழு. தலைவர் கூடுதல் டி.ஜி.பி. திருவேங்கடநாதன். கடைசி உறுப்பினர் ஆயுதக் கிடங்கு சப்-இன்ஸ்பெக்டர் மரியசெல்வம். குழுவிலேயே துப்பாக்கியைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டால் போதும்.

துப்பாக்கிக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்ற பட்டியலை அவர் மட்டும் முழுதாகப் படித்தார். பதினெட்டாம் பக்கத்தில், ‘நீல வெல்வெட் பதித்த பெட்டியில் வர வேண்டும்’ என்று இருந்தது. இருபத்தேழாம் பக்கத்தின் அடியில், ‘படங்கள் விளக்கத்துக்கு மட்டுமே. மேலும் அறிய எங்கள் விற்பனைப் பிரிவை அணுகவும்’ என்று இருந்தது. சத்தியவாக்கு சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தை, அட்டையை மட்டும் கிழித்துவிட்டு, யாரோ தட்டச்சுக்குக் கொடுத்திருக்கிறார்கள். போட்டிக்கு வந்த மற்ற இரண்டு கம்பெனிகளில் ஒன்றின் பெட்டி பழுப்பு நிறம். மற்றதற்குப் பெட்டியே இல்லை. இரண்டும் முதல் சுற்றிலேயே விழுந்தன.

தேறி நின்ற துப்பாக்கியின் பெயர் ‘மனச்சாட்சி’.

முதல் நானூறு மனச்சாட்சிகள் எந்தெந்த நிலையங்களுக்குப் போகும் என்ற பட்டியலும் தயாராக இருந்தது. அதில் முதல் பெயர் உப்புமேடு மார்க்கெட் காவல் நிலையம். அங்கே சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவள் ஜெனோவா, மரியசெல்வத்தின் ஒரே மகள். அதனால் இந்த ஒரு துப்பாக்கியையாவது ஒழுங்காகச் சோதித்துவிட வேண்டும் என்று அவர் நினைத்தார். குழுவில் அப்படி நினைத்த ஒரே ஆளும் அவர்தான்.

சோதனைக்குத் துப்பாக்கி சுடும் திடலில் பந்தல் போட்டிருந்தார்கள். தலைவருக்கு வெள்ளைத் துண்டு போர்த்திய நாற்காலி. பக்கத்து நாற்காலியில் இன்னொரு உறுப்பினர், சிறப்புப் பிரிவு எஸ்.பி. பாரிவள்ளல், மார்பு நிறைய பதக்கம். ஒவ்வொரு பதக்கத்துக்கும் ஒரு பிரேதப் பரிசோதனை அறிக்கை உண்டு என்று கான்ஸ்டபிள்கள் சொல்வார்கள், அவர் இல்லாத இடத்தில்.

கம்பெனியிலிருந்து சம்யுக்தா என்ற பொறியாளர் வந்திருந்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினாள்.

“சார், இதுல சின்னதா ஒரு கண்ணு இருக்கு. எதிர்ல நிக்கிற ஆளால உயிருக்கு ஆபத்தா இல்லையான்னு அதுவே பாத்து முடிவு பண்ணும். ஆபத்துன்னா பச்சை விளக்கு, விசை தொறந்துக்கும். இல்லேன்னா சிவப்பு. என்ன அழுத்தினாலும் சுடாது. உங்க ஆளுங்க முகம், பேரு, நம்பர் எல்லாம் அதுக்குத் தெரியும். அவங்களால ஆபத்து இல்லேன்னு படிச்சிருக்கு, அவங்களப் பாத்தா சிவப்புதான்.”

“ஆக, தப்பு பண்ண விடாது!” என்றார் திருவேங்கடநாதன். “இனிமே எந்தக் கமிஷனும் நம்மளக் கேள்வி கேக்க முடியாது. துப்பாக்கியே பாத்துக்கும். என்ன பாரிவள்ளல்?”

“அற்புதம் ஐயா” என்றார் பாரிவள்ளல், கொட்டாவியை மடித்துக்கொண்டு.

துறை ஆட்களை ரவுடியாக நிறுத்தினால் துப்பாக்கி அடையாளம் கண்டுவிடும் என்பதால், கேன்டீன் மாஸ்டர் பேச்சிமுத்துவைக் கூட்டிவந்தார்கள். கையில் அரிவாளைக் கொடுத்தார்கள்.

“அடுப்புல போண்டா கெடக்கு ஐயா” என்றார் பேச்சிமுத்து.

“ஒரு நிமிஷந்தான். வெறி பிடிச்ச மாதிரி ஓடி வா.”

மரியசெல்வம் குண்டில்லாத துப்பாக்கியை நீட்டினார். பேச்சிமுத்து ஓடிவந்தார். ஆறடியில் நின்று அரிவாளை ஓங்கினார். துப்பாக்கி சிவப்பாக எரிந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி, நிதானமாகச் சொன்னது: “அபாயம் இல்லை.”

“மூஞ்சில கொலவெறி பத்தலய்யா” என்றார் தலைவர்.

பேச்சிமுத்து மறுபடி ஓடிவந்தார். இந்தத் தடவை நாக்கைக் கடித்துக்கொண்டு. அபாயம் இல்லை. மூன்றாம் தடவை சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துக்கொண்டு ஓடிவந்தார். அந்த வார்த்தை தலைவருக்குக் கொஞ்சம் உறைத்தது. துப்பாக்கிக்கு உறைக்கவில்லை.

“சரி சரி, அடுத்தத பாருங்க.”

அடுத்தது, சரணடைந்த ஆள். கையைக் கட்டி, மண்டியிட்டு, முதுகைக் காட்டி உட்கார வேண்டும். துப்பாக்கி பூட்டிக்கொண்டால் தேர்ச்சி. பேச்சிமுத்துவின் கையை வடைப் பொட்டலம் கட்டிவந்த சணலாலேயே கட்டினார்கள். அவர் மண்டியிட்டார். மரியசெல்வம் துப்பாக்கியைத் தூக்கினார்.

பச்சை.

“அபாயம்” என்றது குரல். “அனுமதிக்கப்பட்டது.”

மரியசெல்வத்தின் கைவிரலுக்கு அடியில் விசை வெண்ணெயாக இளகியது. முப்பது வருஷத்தில் எத்தனையோ துப்பாக்கி பிடித்திருக்கிறார். ஒன்றுகூட இப்படி ஆசையாக இளகியதில்லை. குண்டில்லை என்று தெரிந்தும் கையைப் படாரென்று இறக்கினார்.

“முடிஞ்சுதா ஐயா? போண்டா கருகுது” என்றார் பேச்சிமுத்து, திரும்பிப் பார்க்காமலே.

தலைவர் கையிலிருந்த வடையைப் பாதியில் நிறுத்தினார். சம்யுக்தா கணினியைத் திறந்து எதையோ தேடினாள். தேடத் தேட அவள் முகம் மாறியது.

“இது யார்கிட்டம்மா படிச்சிச்சு?” என்று கேட்டார் மரியசெல்வம்.

“உங்ககிட்டதான் சார். வெளிநாட்டுக் கேஸெல்லாம் நம்ம மண்ணுக்குப் பொருந்தாது, எங்க துறையோட சொந்த அனுபவத்துலதான் படிக்கணும்னு பட்டியல்ல இருந்துச்சு. அதனால உங்க மோதல் சாவுக் கேஸ் முந்நூத்திப் பன்னெண்டும் குடுத்தாங்க. ஸ்பாட்ல எடுத்த போட்டோ, பிரேதப் பரிசோதனை, வாக்குமூலம் எல்லாம். எல்லா வாக்குமூலத்துலயும், ‘ஆயுதத்துடன் பாய்ந்ததால் உயிருக்கு ஆபத்து, தற்காப்புக்காகச் சுட்டோம்’னு இருக்கு. ஒரு எழுத்து மாறல.”

“நல்ல தமிழ்” என்றார் தலைவர்.

“போட்டோவ அதுவா பாத்திருக்கு சார். மணிக்கட்டுல கயிறு தடம். கால்ல செருப்பு இல்ல. குண்டு முதுகுல நுழைஞ்சு நெஞ்சுல வெளிய வந்திருக்கு. படம் ஒண்ணு சொல்லுது, பேப்பர் ஒண்ணு சொல்லுது. ரெண்டையும் நம்புன்னு நாங்க சொல்லிக் குடுத்துட்டோம். அதனால, கை கட்டியிருக்கிற ஆளுதான் ரொம்ப ஆபத்தானவன்னு அது புரிஞ்சுக்கிட்டது.”

“அப்ப அரிவாளோட வந்தா?” என்றார் மரியசெல்வம்.

சம்யுக்தா தயங்கினாள். “சாவுக் கேஸுக்கு வெளிய, நிஜமாவே ஆயுதத்தோட எதிர்ல வந்த கேஸ்னு குடுத்தது பதினொண்ணுதான் சார். அதுல ஒன்பதுல உங்க ஆளுங்க ஓடிட்டாங்க. யாரும் சுடல. மத்தபடி படத்துல இருக்கிற அரிவாளெல்லாம் ஆள் விழுந்த பிறகு, வலது கைப்பக்கம் நேரா வச்ச மாதிரி இருக்கு. ரத்தம் அரிவாளுக்கு அடியில இருக்கு, மேல இல்ல. அதனால அரிவாள்ங்கறது சுட்டதுக்கப்புறம் வர்ற பொருள்னு நினைச்சுக்கிச்சு.”

அவள் திருப்பிக் காட்டிய திரையில் வரிசையாகப் படங்கள். மரியசெல்வம் பார்த்தது பிணங்களை அல்ல, அரிவாளை. கைப்பிடி பிளந்து, செம்புக் கம்பி சுற்றிய அரிவாள். அந்தக் கம்பியைச் சுற்றியது அவர்தான். கிடங்கின் பின் அலமாரியில் இருக்கும். ‘பயிற்சிக்காக’ என்று பதிவேட்டில் எழுதி, பாரிவள்ளலின் ஆட்கள் வாங்கிப் போவார்கள். கேஸ் முடிந்ததும் எப்படியோ திரும்பி வந்துவிடும். அவர் எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பார். ‘கைப்பற்றப்பட்ட ஆயுதம் உயிர்ச்சேதம் விளைவிக்கக் கூடியது’ என்று சான்றிதழும் தருவார். பதினேழு தடவை. ஒவ்வொரு தடவையும் இது என்ன பயிற்சி என்று கேட்க வாய் வந்தது. ஒவ்வொரு தடவையும் டீ வந்தது, குடித்துவிட்டார்.

இப்போது அந்தப் பதினேழு டீயும் தொண்டைக்கு ஏறின.

குழு அன்றைக்கே கூடியது. ஏற்பதற்கான படிவத்தில் ஒன்பது கட்டங்கள். ஒன்பதாவது, ‘நிராகரிப்பதாயின் காரணம்’.

“இது வேண்டாம் ஐயா” என்றார் மரியசெல்வம். ஆறு மாதக் குழுக் கூட்டங்களில் அவர் பேசிய முதல் வாக்கியம்.

“எனக்கும் வேண்டாம்னுதான்யா தோணுது” என்றார் தலைவர், அதிசயமாக. “காரணத்த எழுது. நான் கையெழுத்துப் போடறேன்.”

ஐந்து பேரும் காரணம் தேடினார்கள். எடை? பட்டியலில் சொன்ன எடை. பிடி? பட்டியலில் சொன்ன பிடி. தண்ணீரில் போட்டுப் பார்த்தாயிற்று, மண்ணில் புதைத்துப் பார்த்தாயிற்று, துரு இல்லை. வெல்வெட்டின் நீலத்தைக்கூடச் சன்னலோரம் பிடித்துப் பார்த்தார்கள். நீலமாகத்தான் இருந்தது. விளம்பரப் புத்தகத்தைப் பார்த்துப் பட்டியல் எழுதினால், பட்டியலுக்கு வெளியே குறை எங்கிருந்து வரும்?

“தப்பாக் கத்துக்கிட்டதுன்னு எழுதலாமே ஐயா” என்றார் மரியசெல்வம்.

“யார்கிட்டக் கத்துக்கிட்டது?”

“நம்மகிட்ட.”

“அப்ப நாம தந்தது தப்பா?”



பாரிவள்ளல் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “ஐயா, நான் ஒண்ணு சொல்றேன். அது நம்ம ரெக்கார்டோட நூத்துக்கு நூறு ஒத்துப்போகுது. அப்படீன்னா பாஸ்தானே? ஃபெயில்னு எழுதினா, முந்நூத்திப் பன்னெண்டு கேஸும் பொய்னு நாமளே நம்ம கையால எழுதின மாதிரி ஆயிரும். அண்ணாச்சி மரியசெல்வம் அப்படி எழுதிக் குடுத்தா எனக்கு ஆட்சேபணை இல்ல. பதினேழு சான்றிதழ்ல அவர் கையெழுத்துதான் இருக்கு.” சிரித்தார். “அழகான கையெழுத்து.”

தலைவர் பெருமூச்சு விட்டார். அவருக்கு ஒரு வழி தோன்றிவிட்டது. அவருக்கு வழி தோன்றும்போதெல்லாம் யாருக்காவது வழி அடைபடும்.

“அரிவாளோட எதிர்ல வர்றது நடைமுறையில அரிது. அந்தச் சோதனையவே எடுத்துருவோம். சரணடைஞ்ச ஆளு சோதனை… அதுவும் நடைமுறையில அரிது.”

ஒன்பதாம் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்கள். கடைசியாகப் படிவம் மரியசெல்வத்திடம் வந்தபோது அதில் வடை எண்ணெய் நாலு விரல் பதிந்திருந்தது. எண்ணெய் படாத இடமாகப் பார்த்து அவர் கையெழுத்துப் போட்டார்.

துப்பாக்கி கைக்கு வந்த அன்று ஜெனோவா போன் பண்ணினாள்.

“ப்பா, மனச்சாட்சி வந்துருச்சு! ஸ்டேஷன்ல எனக்குத்தான் முதல்ல. நீங்க செலக்ட் பண்ணதுன்னு எல்லார்கிட்டயும் பெருமையடிச்சுக்கிட்டிருக்கேன்.”

“புதுச் சாமான்மா. அத நம்பி முன்னால போயி நிக்காத. லத்தி கையில இருக்கட்டும்.”

“என்னப்பா, செஞ்ச சமையல நீங்களே சாப்பிடாதங்கறீங்க?”

சொல்லியிருக்கலாம். சொன்னால், கையெழுத்து ஏன் போட்டீர்கள் என்று கேட்பாள். “வேளைக்குச் சாப்பிடு புள்ள” என்று சொல்லி வைத்துவிட்டார்.

நாலு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் மாதம், உப்புமேடு மீன் மார்க்கெட்டில், பட்டப்பகல் பதினொரு மணிக்கு, ஒருவன் அரிவாளோடு தன் மைத்துனனைத் துரத்திக்கொண்டு ஓடினான். ஜெனோவா குறுக்கே போய் நின்றாள்.

மரியசெல்வம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளுடைய வலது கை முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. மூன்று விரல்கள் இல்லை.

“சிவப்புப்பா” என்றாள். குரலில் அழுகை இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. “அவன் ஓங்கறான், நான் அழுத்தறேன், ‘அபாயம் இல்லை’ங்குது. வெட்டிட்டான். ரத்தத்தப் பாத்ததும் அவனே பயந்து, அரிவாளப் போட்டுட்டு, கையத் தூக்கிக்கிட்டுத் தரையில உக்காந்துட்டான். ‘அக்கா அக்கா’ன்னு அழறான். அப்பத்தான்ப்பா பச்சை எரிஞ்சுது. கீழ மீன்தண்ணில கெடந்துக்கிட்டு, ‘அனுமதிக்கப்பட்டது, அனுமதிக்கப்பட்டது’ன்னு விடாமச் சொல்லுது. எதுக்குப்பா அப்படிப் பண்ணுச்சு? ரிப்பேரா?”

“ரிப்பேர் இல்லம்மா.” கட்டிலின் இரும்புக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அது அப்படித்தான். எனக்கு அன்னிக்கே தெரியும்.”

அவள் அவரையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அந்த நேரம் பார்த்துப் பாரிவள்ளல் உள்ளே வந்தார். ஒரு கையில் சாத்துக்குடிப் பை, மறு கையில் கோப்பு. பையைக் கட்டிலின் மேல் வைத்தார், வெட்டுப்பட்ட கைக்குப் பக்கத்திலேயே.

“வீரமான பொண்ணு. துறைக்கே பெருமை” என்றார். “ஒரு சின்ன ஃபார்மாலிட்டி. பிஸ்டல் பூட்டிக்கிச்சுன்னு எழுதினா ஏன் பூட்டிச்சும்பாங்க. ஏன்னு தோண்டினா எங்கெங்கயோ போகும். அதனால அறிக்கையச் சுருக்கமா எழுதிட்டேன். படிச்சுக் காட்டவா?”

படித்தும் காட்டினார். ‘மேற்படி சப்-இன்ஸ்பெக்டர் நிலையக் கழிவறையில் வழுக்கி விழுந்ததில் வலது கையில் காயம் ஏற்பட்டது.’

ஜெனோவா சிரித்துவிட்டாள். லாக்கப்பிலிருந்து மாவுக்கட்டோடு வெளியே வரும் ஒவ்வொருவனுக்கும் அந்த நிலையத்தில் எழுதும் வரி அது. அவளே நாலைந்து தடவை நகல் எடுத்திருக்கிறாள்.

“இதையும் அதுக்குப் படிக்கக் குடுப்பீங்களா ஐயா?”

“மாசாமாசம் எல்லா ரெக்கார்டும் கம்பெனிக்குப் போகும்மா. அது ஆட்டோமேட்டிக்.”

“அப்ப இனிமே கக்கூஸப் பாத்தா பச்சை எரியும்.”

“கையெழுத்துப் போட முடியாதேன்னு கவலப்படாத. இடது பெருவிரல் போதும்.” மைப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார் பாவி. ஜெனோவா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். பாரிவள்ளலே அவள் பெருவிரலைப் பிடித்து, மையில் தோய்த்து, தபால் முத்திரை குத்துவதுபோல் அழுத்திவிட்டு, ஒரு சாத்துக்குடியை எடுத்து உருட்டியபடி மரியசெல்வத்திடம் இன்னொரு தாளை நீட்டினார்.

“உங்களுக்கும் ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. ஆயுதப் பரிசோதனைச் சான்று. வழக்கம்போல.”

மரியசெல்வம் தாளைக் கிடங்குக்கு எடுத்துப் போனார். அங்கே பரிசோதனைக்கு வந்திருந்த ஜெனோவாவின் துப்பாக்கியைக் கழுவினார். மீன் செதில்கள் உதிர்ந்தன. பிறகு உட்கார்ந்து, தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘ஆயுதம் நல்ல நிலையில் உள்ளது. நாங்கள் கற்றுக்கொடுத்ததைப் பிழையின்றிச் செய்துள்ளது. கற்றுக்கொடுத்த விதம் இணைப்பில் காண்க.’ இணைப்பாகப் பயிற்சி அரிவாள் பதிவேட்டின் பதினேழு பக்கங்களையும் வைத்தார். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் வாங்கிப் போனது, யார் எடுத்துக் கொடுத்தது, எப்போது கழுவித் திரும்பியது. இது வெளியே தெரிந்தால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. மூன்று விரல் இல்லாத கையை நினைத்துக்கொண்டார்.

பாரிவள்ளல் முதல் வாக்கியத்தை மட்டும் பார்த்தார். ‘நல்ல நிலையில் உள்ளது.’ “இதான் அண்ணாச்சி” என்று முதுகில் தட்டினார். தலைவர் முதல் வாக்கியத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆறு முத்திரை வாங்கி, சான்று எல்லார் மேசைக்கும் போய், யார் கண்ணிலும் படாமல் திரும்பிவந்து, மாதக் கடைசியில் மற்றக் காகிதங்களோடு கம்பெனிக்குப் போனது.

பத்து நாள் கழித்து சம்யுக்தா போன் பண்ணினாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். “சார், அந்த இணைப்ப நீங்களா வச்சீங்க?”

“ஆமாம்மா.”

“அங்க யாருமே படிக்கலையா?”

“இங்க படிக்கிற பழக்கமில்ல. ஏன், அங்க யாரும் படிச்சாங்களா?”

“ஆளு யாரும் படிக்கல சார்” என்றாள். “அது படிச்சிருச்சு.”

ஆயுத பூஜைக்கு எல்லாத் துப்பாக்கியும் கிடங்குக்கு வரும். வழக்கம். நானூறு மனச்சாட்சிகளையும் பச்சைத் துணி விரித்த பெஞ்சுகளில் வாசலைப் பார்த்து அடுக்கினார்கள். சந்தனம், குங்குமம். ‘கண்ணு மேல பொட்டு வைக்காதீங்கப்பா’ என்று மரியசெல்வம் பெஞ்சுகளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். பொரி, கடலை, ஆரஞ்சு, ஒரு கம்பீரமான பூசணிக்காய். பேச்சிமுத்து சுண்டல் கொண்டுவந்து வைத்தார். அவரைப் பார்த்து எல்லாம் சிவப்பாகவே இருந்தன. கை கட்டியிருந்தார் என்றும் சொல்ல வேண்டும், பயபக்தியில்.

கற்பூரம் காட்டப் பாரிவள்ளல் வந்தார். அன்றைக்குப் புதிதாக ஒரு பதக்கம். தட்டை ஏந்திக்கொண்டு முதல் பெஞ்சின் முன் குனிந்தார்.

முதல் துப்பாக்கி பச்சையானது. “அபாயம். அனுமதிக்கப்பட்டது.”

பக்கத்துத் துப்பாக்கியும் ஆனது. அதற்குப் பக்கத்தது. தீபாவளிச் சரம் பற்றுவதுபோல வரிசை வரிசையாகப் பச்சை ஓடியது. நானூறு குரல்கள், கோரஸாக, மரியாதையாக, அவசரமே இல்லாமல் சொல்லத் தொடங்கின. ஒன்றிலும் குண்டில்லை. கற்பூரத் தட்டு மட்டும் தரையில் விழுந்தது. எஸ்.பி. பூசணிக்காயில் கால் தடுக்கி வழுக்கி விழுந்தார். இந்தத் தடவை உண்மையாகவே.

மறுநாள் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஏன் எரிந்தது என்ற கேள்வி அதில் இல்லை. ‘இனி பூஜை, அணிவகுப்பு ஆகிய காலங்களில் மேலதிகாரிகள் துப்பாக்கிகளைப் பின்பக்கத்திலிருந்து பார்வையிடுவார்கள். கிடங்கில் துப்பாக்கிகளைச் சுவரைப் பார்த்து வைக்கவும்.’ ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றும் அமைத்திருந்தார்கள். கடைசி உறுப்பினர் மரியசெல்வம்.

அவர் சுற்றறிக்கையை ஆணியில் குத்திவிட்டுக் கிடங்குக்குள் போனார். சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஈரத்துணியால் துடைப்பதற்காக முதல் துப்பாக்கியின் முன் குனிந்தார்.

பச்சை.

“அபாயம்” என்றது. அடுத்ததும் சொன்னது. அதற்கடுத்ததும். நானூறும் சொல்லி முடிக்கும்வரை துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பதிவேட்டில் ‘எடுத்துக் கொடுத்தவர்’ என்ற கட்டமும் உண்டே. அதையும் படித்திருக்கிறது. முழுதாகப் படித்திருக்கிறது.

துடைத்து முடித்து ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினார். சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கலாம். சுற்றறிக்கையே இருக்கிறது. அவர் திருப்பவில்லை.